இரண்டு கதவும் ஒரு மூடியும்

ஹாமரிலிருந்து இருபது நிமிடம், ஏரியை ஒட்டிய சாலை.
விளம்பரப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது.
நேரில் அடர்பச்சை,
மழைக்குப் பிந்தைய ஊசியிலை மரத்தின் பச்சை.
அப்போதே பாதி தோற்றுவிட்டேன்.
மீதிப் பாதியைக் காப்பாற்ற
பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தேன்.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில்.
திங்களன்று பள்ளிக்கூடங்கள், செவ்வாய் தேவாலயம்,
புதனன்று மலைமேல் முதியோர் இல்லம்.
அங்கே அதை யாரும் வாசிப்பதில்லை,
ஆனாலும் மாதம் தவறாமல் கூப்பிடுகிறார்கள்.
கருவிப்பெட்டி எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
உருளைக்கிழங்கு மூட்டை பத்துக் கிலோ.
எஸ்கிலின் பனிச்சறுக்குக் கட்டைகள்
இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.
எஸ்கிலும் கிட்டத்தட்ட அவ்வளவே,
பதினைந்து வயதில்.

போன வாரம் ஒரு ஸ்டேஷன் வேகன் பார்த்தேன்.
சாம்பல் நிறம். எல்லாம் கொள்ளும்.
ஒரு குறை சொல்ல முடியாது.
அன்றிரவு படுக்கையில் யோசித்தபோது
அதன் முகமே நினைவுக்கு வரவில்லை.

"பின்னிருக்கை?" என்றேன்.
"இருக்கிறது" என்றார் ஔதுன்,
பொய் சொல்லத் தெரியாதவர்
உண்மையைச் சுருக்கிச் சொல்லும் குரலில்.

நானே ஏறிப் பார்த்தேன்.
முன்னிருக்கையை மடக்கி, முழங்காலை மடக்கி,
கொஞ்சம் மானத்தையும் மடக்கி உள்ளே போனேன்.
பின்கண்ணாடியில் தலை இடித்தது.
எதிர்வீட்டு நாயும் நானும்
கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டோம்.
அது முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
இறங்கியது எப்படி என்று கேட்காதீர்கள்.

பிறகு அவர் பின்புறத்தைத் திறந்தார்.
சின்ன டிக்கியை எதிர்பார்த்து நின்றவள் முன்
கண்ணாடியும் தகடும் சேர்ந்து
மொத்தமாக மேலே எழுந்தன,
கச்சேரிப் பியானோவின் மூடி எழுவதுபோல.
பெட்டி போயிற்று.
இருக்கையைச் சாய்த்ததும்
கட்டைகள் குறுக்காகப் போயின.
உருளைக்கிழங்குக்கு அளந்து பார்க்கவே இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டுமென்பார்கள்.
இங்கே குளிர்காலமெல்லாம் உப்பைத் தின்பது சாலை,
துருப்பிடிப்பது கார்.
சரளையில் மல்லாந்து படுத்து அடித்தகட்டைத் தட்டினேன்.
நல்ல இரும்பு மணிபோலப் பதில் சொல்லும்.
இடது பின்சக்கரத்தருகே ஓரிடம்
பிஸ்கட்போலப் பதில் சொன்னது.

ஓட்டிப் பார்த்தபோது அறுபதில் ஒரு முனகல்,
எண்பதில் அரைச்சுரம் ஏறியது.
"சக்கர பேரிங்" என்றேன்.
"எனக்கு எதுவும் கேட்கவில்லையே" என்றார்.
நம்பினேன்.
வாசலுக்குத் திரும்பியதும்
வீட்டுக்குள் இரண்டு கைக்குழந்தைகள்
ஒரே நேரத்தில் அழுதன,
ஒன்றுக்கொன்று இம்மி பிசகிய சுருதியில்.
"ஒன்றென்றால் சமாளித்திருப்போம்" என்றார்,
காரின் கூரையைத் தடவியபடி.

பேரிங்குக்கும் பிஸ்கட்டுக்குமாக
எட்டாயிரம் குரோனர் குறைத்தார்.
கேட்காமலே குளிர்கால டயர்கள் நான்கையும் உருட்டிவந்தார்.
சாவியைத் தந்த கை
ஒரு கணம் கூடுதலாக அங்கேயே இருந்தது.

எஸ்கில் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால்நீட்டினான்.
"உன் நண்பன் ஏறினால்?"
"அவன் குள்ளம்தான் அம்மா."
விஷயம் முடிந்தது.

தேவாலய வாசலில் நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்தவள்
திரும்பிப் பார்த்தேன்,
பூட்டினேனா என்று பார்ப்பவள்போல.
பூட்டியிருந்தது.
படியேறி மறுபடியும் பார்த்தேன்.

பேரிங்கை வியாழனன்று மாற்றித் தருவார்கள்.
அதுவரை எண்பதில் போகும்போது
நானும் அதே சுரத்தில் முனகிக்கொள்கிறேன்.