ஆற்றுக்குள் கடை

வரைபடத்தின்படி
எர்சிலியாவின் பஞ்சர் கடை
வால்திவியா ஆற்றின் நட்டநடுவில் இருந்தது.
சிவப்புப் புள்ளியை நம்பி வந்த ஒரு லாரிக்காரர்
மீன் சந்தைப் படித்துறைவரை வண்டியை ஓட்டிவந்து
ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்:
"கடை இல்லை. கடல்சிங்கங்கள்தான் இருக்கின்றன.
அதில் ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது."

அந்த நட்சத்திரத்தைக் காட்டித்தான்
நான் கடைக்குள் நுழைந்தேன்.
மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் டேப்லெட்,
மாதம் பன்னிரண்டு கடை பிடித்தால் கமிஷன்.
பெயர், முகவரி, எண்,
மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் சென்யோரா,
ஓர் எழுத்து பிசகினாலும்
தேடுபொறி உங்களை இரண்டு பேர் என்று நினைக்கும்,
இரண்டு பேரையும் நம்பாது.

அவள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.
குமிழி கிளம்பிய இடத்தில்
சாக்கட்டியால் ஒரு வட்டம்.
"நீ செய்வதும் இதுதானா?" என்றாள்.

பதினோரு தொகுப்புகளில் இருந்தாள்.
ஒன்றில் வென்ச்சுமான், ஒன்றில் வென்சமான்,
ஒன்றில் எர்சிலியோ என்று ஆம்பிளை,
ஒன்றில் அழகு நிலையம்.
ஒன்றில், நிரந்தரமாக மூடப்பட்டது.
மூடப்பட்ட கடையில் உட்காரவைத்து
எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

சரிபார்க்கும் அட்டை தபாலில் வர வேண்டும்.
இரண்டு முறை வரவில்லை
(தபால்காரர் ஆற்றுக்கா நீந்துவார்).
மூன்றாவது நனைந்து வந்தது.
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஏழு என்று அடித்தேன்.
புள்ளி தண்ணீரைவிட்டுக் கரையேறி
பிகார்த்தே சாலையைத் தாண்டி
கிரீஸ் கறை படிந்த அவள் வாசலில் வந்து நின்றது.
எர்சிலியா வெளியே போய்
நிஜமாகவே தரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பதினோராவது ஒரு பழைய தொகுப்பு.
இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று
வேறொரு கைபேசி எண்ணை அழிக்கப் போனேன்.
"அது இருக்கட்டும்."
நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.
"அது நொயேலியா எண்" என்றாள்.

தங்கை.
காற்றடிக்கும் மெஷின் யாருக்கு என்பதில்
ஆறு வருஷத்துக்கு முன் பேச்சு நின்றது.
இப்போது வடக்கே, கலாமாவில்,
மழையே தெரியாத ஊரில்
சுரங்கத்து ஆட்களுக்குச் சமைக்கிறாள்.

"தப்பான எண் என்று யாரிடமும் சொல்வதில்லையாம்.
ஏழு மணிவரை திறந்திருப்பாள் என்கிறாளாம்.
பின்சக்கரம் என்றால் கழற்றியே கொண்டுபோங்கள்,
வலது பக்கமாக நின்று கூப்பிடுங்கள்,
அவளுக்கு இடது காது மந்தம் என்கிறாளாம்.
எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கும் முன்,
அங்கே மழை பெய்கிறதா என்று கேட்கிறாளாம்."

டயரை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள்
இதை ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள்.
நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மட்டும்
எர்சிலியா கேட்பாள்.
பிறகு ஜாக்கியைத் தேடப் போய்விடுவாள்.

என் அறிக்கை தொண்ணூறு சதவீதத்தில்
பச்சையாகாமல் ஆரஞ்சிலேயே நின்றது.
மேலாளர் ஓஸ்வால்தோ கேட்டார், ஒன்று ஏன் பாக்கி?
உரிமையாளர் மறுப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
காரணம் என்ற இடத்தில்
இருபது எழுத்துக்குமேல் கொள்ளவில்லை.
பாதி கமிஷன் போயிற்று.

சொல்லக்கூடாதுதான்.
ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்று
அந்த எண்ணுக்கு நானே அடித்தேன்.
பின்னால் பாத்திரச் சத்தம்.
"பஞ்சர்தானே? ஓடுங்கள், ஏழுவரைதான்."
ஆமாம் என்றேன், வண்டியே இல்லாத நான்.
அப்புறம் அவள் கேட்டாள்.
கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்து,
காலையிலிருந்து விடவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"பின்பக்கத் தகரம் இன்னும் ஒழுகுகிறதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.
வந்த பஸ்ஸை விட்டுவிட்டு
கடையைப் பார்த்து நடந்தேன்.
ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.