சதுரம்

குத்தாயிசி நாய்க் காப்பகத்துக்கு
முப்பத்தொரு படங்கள்.
எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள்
அடைக்கச் சொன்னாள் லமாரா.

அடைத்தேன்.
காது போனது ஒன்றுக்கு,
வால் போனது இன்னொன்றுக்கு.
அருகே குனிந்திருந்த ஓத்தாரின்
கை மட்டும் மிச்சம்,
யாருடையதோ போல.

மெலாவுக்கு மட்டும் கச்சிதம்:
கண்கள், ஈர மூக்கு,
மார்போடு நின்றது படம்.
இல்லாத முன்னங்கால்
இல்லாமலே போனது.

"அழகா இருக்கா, விடு" என்றாள்.

போன குளிர்காலமும் இப்படித்தான்.
பத்தூமியிலிருந்து ஒரு குடும்பம்
இவளைத் தேடி வந்தது.
கூண்டு திறந்ததும்
காரில் எதையோ மறந்துவிட்டோம் என்று
போனவர்கள் போனவர்கள்தான்.

இரவு ஒரு வரியை மாற்றினேன்.
மூன்று கால்களும் ஊன்றி நிற்குமளவு
அந்தக் கட்டம் மட்டும்
நீண்டு கிடக்கிறது,
வரிசையைக் கெடுத்துக்கொண்டு.