பச்சை விளக்கு

விடிந்தால் ஆறு மணிக்கு மதாராவின் பேருந்து.
பாஸ்போர்ட் பெட்டகத்துக்குள்,
பெட்டகம் துணி அலமாரிக்குள்,
அதை வாங்கி வைத்த ஓயார்ஸ்
பிஸ்கே விரிகுடாவில் ஏதோ ஒரு சரக்குக் கப்பலுக்குள்.

ஆறு இலக்கம். அழுத்தினேன்.
கீச்.
பச்சை எரிந்தது.
கைப்பிடி மட்டும் கல்லுளிமங்கன்.

கீழ்வீட்டு வில்னிஸ் டிராம் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்,
தொப்பியில் லியபாயாவின் பாதிப் பனி.
தன் வீட்டுப் புகை எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து
ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடுங்கி வந்தான்.
"கீச்சிட எவ்வளவு வேண்டும்? சொட்டு மின்சாரம் போதும்.
தாழை இழுக்கத்தான் தெம்பு வேண்டும்" என்றான்.
புதுத் தெம்பு போட்டோம்.
கீச். பச்சை.
அப்படியே இருந்தது.

எண்ணை மாற்றிவிட்டான் என்று தோன்றியது அப்போதுதான்.
பச்சை எரிந்தும்.
பச்சையை விட அவனைச் சந்தேகிப்பது
எனக்குச் சுலபமாக இருந்தது.
கல்யாண நாளைப் போட்டேன், சிவப்பு.
மதாரா பிறந்த நாள், சிவப்பு.
அவன் அம்மா இறந்த நாள்,
சிவப்பு, கூடவே நீளமாக ஓர் ஊளை.
இனி ஐந்து நிமிடம் எதைத் தொட்டாலும் கேட்காதாம்.

அந்த ஐந்து நிமிடத்தில் வில்னிஸ் கேட்டான்:
"அவசரச் சாவி கொடுத்திருப்பார்களே?"
"இருக்கிறது."
"எங்கே?"
பெட்டகத்தைக் காட்டினேன்.
அவன் நல்லவன், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
மதாராதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்து, தரையில் உட்கார்ந்து,
கதவில் முழங்காலை ஊன்றினாள்.
"இழுக்கிறாயே அம்மா, அதான்.
உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது.
தள்ளு. தள்ளிக்கொண்டே திருப்பு."
பழைய எண்ணையே அழுத்தினேன்.
அவள் தள்ளினாள், வில்னிஸ் மேல்தகட்டில்
முஷ்டியால் ஒன்று போட்டான்.
அடி உதவியது.

முதலில் விழுந்தது ஓர் உறை.
பிறகு சரிந்தன, மடியில், காலில், கம்பளத்தில்,
முகவரி தெரிய சன்னல் வைத்த வெள்ளை உறைகள்,
எல்லாவற்றிலும் அதே வங்கி முத்திரை,
ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.
அடியில் நசுங்கிக் கிடந்தன
பாஸ்போர்ட்டும் அந்தச் சாவியும்.

வில்னிஸ் தன் தொப்பியைத் தேடினான். தலையில்தான் இருந்தது.
"பேட்டரி இருக்கட்டும்" என்று சொல்லிப் போனான்.
மதாரா பாஸ்போர்ட்டின் மடங்கிய மூலையை
நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள்,
என்னைப் பார்க்காமல்.

ஆறு மணிக்குப் பேருந்து போனது.
கையாட்டினேன், சன்னலெல்லாம் ஆவி,
எது அவள் கை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தனையையும் அள்ளி
இருந்த மாதிரியே அடுக்கினேன்.
ஒன்றும் பார்க்காதவளாய் இருந்துவிடலாம் என்றுதான்.

மூட வரவில்லை.
எப்படித்தான் மூடினானோ,
தோளால் முட்டி, மூச்சை அடக்கி,
நான் அடுப்படியில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தபோது.

கதவு அரை விரல் திறந்தே நிற்கிறது.
கத்தரிக்கோலைத் தேடுகிறேன்.