நூற்றுப் பன்னிரண்டு மழை

மூன்றாம் பாகம் முடியும்போது
கருந்துறைக் கோட்டை எரிந்துகொண்டிருக்கும்.
நான்காம் பாகத்தின் முதல் வரி:
'நூற்றுப் பன்னிரண்டு மழைக்குப் பிறகு.'
இடையில் ஒரு வெள்ளைத்தாள்.
அதோடுதான் எனக்குச் சண்டை.

மீனாட்சிபுரம் பால் சோதனைச்சாவடி, இரவு ஷிப்ட்.
டேங்கர்மேல் ஏறி மூடி திறந்து
நீளக் கரண்டியால் கலக்கி
ஒரு குப்பி எடுத்துவருவது சகாயராணி.
யூரியா, சோடா, மாவு, சர்க்கரை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மருந்து விட்டு
நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது நான்.
முடிவு தெரியும்வரை படியில் உட்கார்ந்து
ஏழு பாகத்தையும் திரும்பத் திரும்பப் படிப்பவர்
உடுமலை டேங்கர் ஷாகுல்.
புத்தகம் கொடுத்து எங்களைக் கெடுத்ததும் அவர்தான்.

ஷாகுலுக்கு ஊமைச்சேனையின் காலம் வேண்டும்.
ஐந்தாம் பாகத்தில் ஒரு குடிகாரன் உளறும்
அரை வரிதான் அது:
நாக்கை அடகுவைத்துப் போருக்குப் போன நாலாயிரம் பேர்.
'மீட்டாங்களா இல்லையா, அதச் சொல்ல வேண்டாமா?'
வட்டி எத்தனை என்றும் கேட்பார்.
அவர் வண்டிக்கே இன்னும் பதினாலு தவணை பாக்கி.

சகாயராணிக்குப் பதினோரு நாள் போதும்.
அரசி காணாமற்போன பதினோரு நாள்
அரியணையில் இருந்தவள் அவளுடைய சலவைக்காரி.
வம்சப் பட்டியலில் பெயர்கூடப் போடாமல்
'இடையில் ஒருத்தி' என்று தாண்டிவிட்டார்
எழுதினவர்.
'பன்னண்டாம் நாள் காலைல
மறுபடி துணி வெளுக்கப் போனாளா அவ?'
கையுறையைக் கழற்றி உதறுவாள் சகாயராணி.

நான் வெள்ளைத்தாள் கட்சி.

சாயாக்கடை அப்புக்குட்டன் சேட்டன்
ஒரு பாகமும் படித்ததில்லை.
'ஆ நூறு கொல்லம்
அவிடெ சாயா உண்டாயிருந்நோ?' என்பார்,
கிளாஸைக் கழுவிக்கொண்டே.

ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி
மூன்று பேரும் கையெழுத்திட்டு
ஆசிரியருக்குக் கடிதம் போட்டோம்.
சாவடி முத்திரையையும் குத்தப் பார்த்தாள் சகாயராணி.
பிடுங்கி வைத்தேன்.

ஓணம் கழிந்து அஞ்சலட்டை வந்தது.
ஊமைச்சேனைக்குப் பதில் இல்லை.
சலவைக்காரிக்கும் இல்லை.
எனக்கு மட்டும், சாய்ந்த எழுத்தில்:
'அந்த நூற்றுப் பன்னிரண்டில்
எதுவும் நடக்கவில்லை அம்மா.
அதனால் எழுதவில்லை.'

ஷாகுல் சிரித்தார்.
எனக்கு முகம் செத்துவிட்டது.

அன்றைக்குப் பதினேழு டேங்கர்.
சொட்டு, காத்திருப்பு, சொட்டு.
எந்தக் குப்பியும் நிறம் மாறவில்லை.
பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில்
நாலு வருஷமாய் நான் எழுதும் ஒரே சொல்:
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பதினேழாவதில் பேனா நின்றது.

கோட்டை எரிந்த ஊரில்
நூற்றுப் பன்னிரண்டு மழைக்கு
எதுவும் நடக்காமல் இருக்க வேண்டுமென்றால்
எத்தனை பேர் தூங்காமல் இருந்திருக்க வேண்டும்.
கிணற்றுமேல் எவன் கண் வைத்திருந்தான்?
பாலை முதலில் முகர்ந்தது யார்?
பழைய பகையை மகன் வாய் திறக்கும் முன்
பந்தியில் அவன் தொடையைக் கிள்ளியவள் யார்?
ஒரு கத்தியை
உறையிலேயே துருப்பிடிக்க விட
எத்தனை தலைமுறை பிடிக்கும்?

ஷாகுலின் மூன்றாம் பாகத்தை எடுத்தேன்.
கடைசியில் அந்த வெள்ளைத்தாள்.
மருந்துக் கறை படிந்த விரலோடு
பென்சிலில் எழுதினேன்:

'முதல் மழை.
வாசலில் ஒருத்தி
ஈரச் சாம்பலைக் கையில் அள்ளி
முகர்ந்து பார்த்தாள்.
ஒன்றுமில்லை என்றாள்.
உள்ளே அடுப்பு மூட்டப் போனார்கள்.'

'புஸ்தகத்துல கிறுக்காதீங்க மேடம்'
என்று பதறி வாங்கினார்.
படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தடவை.

பின்னால் பதினெட்டாவது வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டேயிருக்க,
நகராமல் நின்று கேட்டார்:
'சரி, மீதி நூத்திப் பதினொண்ணு?'