நண்டு குரூப் இடம் மாறிய வாரம்

எட்டாம் தேதிக்குள் ஏற்கச் சொன்னது.
நிபந்தனைகளை மாற்றிவிட்டார்களாம், பதினோரு பக்கம்.
அடியில் பச்சையாய் ஒரு பொத்தான்: ஏற்கிறேன்.
மறுக்கிறேன் என்று எங்குமில்லை.
பிறகு என்று ஒன்று இருந்தது, அதுவும் மங்கலாக.

"நம்ம நண்டு வெல அவனுக்கு எதுக்குடி?"
பிரகாசியம்மாள் கேட்டாள்.
தங்கச்சிமடம் கரையில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

கச்சான் எழும்பினால்
தென்கடல் வள்ளத்தைப் பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓட்டிப்போய்
வடகடலில் கட்டுவோம். தெரிந்த வேலை.
காற்று நாலு நாள் முன்னாலேயே முகத்தில் சொல்லிவிடும்.
இது அப்படி வரவில்லை.

நூற்று நாற்பத்தேழு பேரில்
புது ஆப்புக்கு முதல்நாள் வந்தது பத்தொன்பது.
விடியற்காலை ஒரே வலையில் நண்டு கழிக்கிறவர்கள்
அங்கே ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்தோம்,
கல்யாண வீட்டில் சம்பந்திகளைப் போல.
ரோஸ்லின் பழையதில் பதினாறு தடவை கூப்பிட்டாள்.
அந்தோணியடிமை போனில் இடமில்லை;
மகள் வளைகாப்பு வீடியோவை அழித்தால்தான் இறங்குமாம்.
அவர் அழிக்கவில்லை.
வரவும் இல்லை.

கம்பெனி ஏஜென்ட் தனிஸ்லாஸும் வரவில்லை.
பழையதிலேயே நாலரை மணிக்கு விலை போட்டார்:
நீலக்கால், முந்நூற்று எண்பது.
இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவள் நான்.
ஒருநாள் அந்த விலையை
இந்தப் பக்கம் கொண்டுவராமல் இருந்து பார்த்தேன்.

அன்றைக்குத்தான் பேசினார்கள்.
மண்டபத்தில் நானூற்று இருபதாம்.
தொண்டியில் கால் ஒடிந்ததையும் சேர்த்தே நிறுக்கிறார்களாம்.
ஈரத்துக்கென்று கிலோவுக்கு நூறு கிராம் கழிக்கிறாரே,
அந்த நூறு கிராம் ராத்திரி எங்கே போய்த் தூங்குகிறது?
கேட்டது பிரகாசியம்மாள்.
ஐந்து வருஷமாய் அவர் இருந்த குரூப்பில்
பூப்படத்தோடு காலை வணக்கம் மட்டும் போட்டவள்.

வியாழக்கிழமை போன் சொன்னது:
தனிஸ்லாஸ் சேர அனுமதி கேட்கிறார்.
அட்மின் நான்.
என் வலை அவர் முன்பணத்தில் வாங்கியது,
இன்னும் ஒன்பதாயிரம் நிற்கிறது.

இங்கே இரண்டு பொத்தானும் இருக்கின்றன,
ஏற்கிறேன், மறுக்கிறேன், ஒரே அளவில்.
பிறகு என்பதுதான் இல்லை.

போனைக் கூடைக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.
அங்கிருந்தும் அதிர்கிறது,
உயிர் போகாத நண்டு மாதிரி.