மழைக்குக் கட்டமில்லை

ஈரி ஏரிப் பக்கமிருந்து வந்தது.
ஐந்தாவது இன்னிங்ஸின் மேல்பாதி முடிந்த கையோடு
நடுவர் இரு கைகளையும் தூக்கினார்.
பன்னிரண்டு பேர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.
ஐம்பத்தெட்டு நிமிடம் காத்திருந்தோம்.
பிறகு, ஆட்டம் முடிந்தது என்றார்கள்.

முடிந்ததுதான்.
சொந்த அணி முன்னால் இருந்தால் நாலரை போதும் என்கிறது விதி.
ஒன்றுக்குப் பூஜ்யம்.
வருகை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று அறிவித்தார்கள்;
கூரைக்கடியில் ஒதுங்கியவர்களை நான் எண்ணினேன்,
இருநூற்றுப் பத்து,
பீர் விற்கும் பையன்களையும் சேர்த்து.

யூசேபியோ தவாரெஸ்:
ஐம்பத்து மூன்று பந்து. ஹிட் இல்லை. வாக் இல்லை.
முழு ஆட்டம் வீசியவன் என்று எழுதலாம்,
ஹிட்டே கொடுக்காதவன் என்று எழுதக்கூடாது;
அந்தப் பட்டியலுக்கு ஒன்பது இன்னிங்ஸ் வேண்டும்.
மழை அவனுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுப்
பெயரை எடுத்துக்கொண்டு போனது.

பதினாறு முறை மட்டை ஓங்கியது, பதினைந்து அவுட்.
மிச்சம் ஒன்று
என்னுடையது.

மூன்றாவது இன்னிங்ஸ், முதல் ஆள்.
ஆஸ்ட்ராண்டர் தரையோடு உருட்டிவிட்டான்.
ஷார்ட்ஸ்டாப் பிக்கெட் குனிந்தான், அள்ளினான், கையை ஓங்கினான்,
பந்து சோப்புக்கட்டி போல விரலை விட்டுப் போயிற்று.
ஸ்கோர் பலகைக்காரன் என் முகத்தைப் பார்த்தான்.
எரர், என்றேன்.
எச்சில் விழுங்கும் நேரம்.

ஆஸ்ட்ராண்டர் அன்று மாலை வந்தது
இருநூற்று நாற்பத்து நான்குக்கு அறுபத்தொரு ஹிட்டோடு,
சரியாகக் கால் பங்கு.
போனது புள்ளி இரண்டு நான்கு எட்டோடு.
கடைசி அவுட்டும் அவனேதான்;
சொட்டச் சொட்ட நின்று
மட்டையைத் தோளில் வைத்தபடியே மூன்றாவது ஸ்ட்ரைக்.

தீர்ப்பை மாற்ற எனக்கு இருபத்து நான்கு மணி நேரம் உண்டு.
பகலில் காப்பீட்டு அலுவலகத்தில்
ஒழுகும் கூரைகளுக்கு விலை போடுகிறேன்.
மறுநாள் காலை மேசையில் ஏழு கூரைகள்.
எதிலும் மழையைக் குற்றவாளி என்று எழுத இடமில்லை.
ஸ்கோர் தாளிலும் அப்படித்தான்:
பிட்சருக்கு, மட்டைக்காரனுக்கு, கை நழுவியவனுக்கு
ஆளுக்கொரு கட்டம்.

மதியம் மைதானத்துக்கு போன் செய்தேன்.
ஆர்லோ, முதல் துளி எப்போது விழுந்தது?
புல் வளர்ப்பவனுக்கு இதெல்லாம் மனப்பாடம்.
ஏழு முப்பத்தொன்று, என்றான்,
என் சாண்ட்விச்சில்தான் விழுந்தது, மார்லிஸ்.

பந்து உருண்டது ஏழு முப்பத்து மூன்றுக்கு.

சாதாரண முயற்சி என்றால் என்ன என்று
விதிப்புத்தகம் ஒரு வரியில் சொல்கிறது.
அந்த வரியின் வாலில்
தரையின் நிலை, வானிலை என்று இருக்கிறது.
இருபது வருடமாகப் படித்த வரி.
வாலை மட்டும் படித்ததில்லை.

அழித்தேன். ஹிட் என்று எழுதினேன்.
பிக்கெட்டின் கட்டம் வெறுமையானது,
ஆஸ்ட்ராண்டர் புள்ளி இரண்டு ஐந்து இரண்டுக்கு ஏறினான்,
தவாரெஸின் பூஜ்யம் போயிற்று,
யாரும் பட்டியலில் சேர்க்காத பூஜ்யம்தான்,
ஆனாலும் அவனுடையது.
ரப்பர் தூளை ஊதியபோது
கொஞ்சம் ஸ்வெட்டரிலேயே ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை நல்ல வெயில்.
பந்து வீசும் முறை இல்லாததால் தவாரெஸ்
வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தான்.
என் ஜன்னலுக்கு நேர் கீழே வந்ததும் நின்று
நிமிர்ந்து பார்த்தான்.
கை தொப்பிக்குப் போயிற்று.
வணக்கம் சொன்னானா, வியர்வையைத் துடைத்தானா?

அதற்கு
யாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.