நிறுவும் முறை, திருத்தியது

"நிறுவுவது மிக எளிது" என்று
முதல் வரியில் எழுதியவன் நான்தான்.
வல்திவியாவில் ஒரு மழை நாளில்
காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்.
நிரலை எழுத இரண்டு வருடம்,
அதைப் பயன்படுத்தும் விதத்தை எழுதப் பதினொரு நிமிடம்.

கடலுக்குள் தொங்கும் கயிறுகளில்
சிப்பி வளர்ப்பவர்களுக்கான மென்பொருள்.
தண்ணீரின் சூட்டை மணிக்கொருமுறை குறித்துக்கொள்ளும்.
எல்லோர் கணக்கும் ஒரே வரைபடத்தில் சேரும்.
யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்,
காசு வேண்டாம்.
கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்று
பீற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் சிலோயே தீவுக்குப் போனேன்.
நெலிடா சிகுவாய், நூற்றுப்பத்துக் கயிறுகளுக்குச் சொந்தக்காரி,
ரப்பர் காலணியைக் கழற்றாமல்
அடுக்களை மேசையில் வந்து உட்கார்ந்தாள்.
"நீங்களே படித்துச் செய்யுங்கள்,
நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன்.

முதல் படி: டெர்மினலைத் திறக்கவும்.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
அங்கே டெர்மினல் என்றால்
அன்குத்திலிருந்து வரும் பேருந்து நிற்கிற இடம்.
"காலை ஆறுக்கே திறந்துவிடுவார்களே."
அவள் சிரிக்கவில்லை.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாம் படி.
ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு குறி:
$
எங்களுக்கு அது
'இதற்கு அடுத்ததைத் தட்டு' என்கிற பழைய ஜாடை.
அவளுக்கு அது பெசோ.
மீன் சந்தைப் பலகையில், மின்கட்டணச் சீட்டில்
தொகைக்கு முன்னால் நிற்கும் அதே குறி.
"இலவசம் என்று போட்டிருக்கிறீர்கள்,
வரிக்கு வரி காசு கேட்கிறீர்கள்,
எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை."

இருந்தும் விடாமல்
குறியையும் சேர்த்தே தட்டினாள்.
கட்டளை கிடைக்கவில்லை என்றது கணினி.
"மன்னியுங்கள்" என்றாள்.
என்னிடம் அல்ல,
அதனிடம்.

மூன்றாம் படி: சார்புகளை நிறைவு செய்க.
"யார் சார்பில்?"

நான்காம் படியில் படகு வந்துவிட்டது, எழுந்து போனாள்.
அடுப்பில் கெண்டி கத்திக்கொண்டிருந்தது.
அந்த ஐம்பது நிமிடத்தில்
என் பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன்.
'எளிது' நான்கு இடத்தில்,
'அவ்வளவுதான்' ஆறு இடத்தில்.
எளிது என்று படித்துத் தோற்றவர்
பிழை என்று நமக்கு எழுதி அனுப்புவதில்லை.
மடிக்கணினியை மூடிவிட்டு
தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்க்கப் போய்விடுகிறார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் அடித்து எழுதினேன்.
டெர்மினல் எங்கே ஒளிந்திருக்கும்,
திறந்தால் எப்படி இருக்கும்,
எதைத் தட்டக்கூடாது,
சிவப்பில் எழுத்து வந்தால்
எதுவும் உடைந்துவிடவில்லை என்று.
போலந்தில் இருக்கும் விட்டோல்ட் முகம் சுளித்தான்:
"இப்படி எழுதினால் பக்கம் நீளும்."
நீளட்டும் என்றேன்.
இரண்டு வாரம் பேச்சில்லை.
பிறகு ஒரு படம் அனுப்பினான்,
கறுப்புச் சன்னல், துடிக்கும் ஒரு கோடு,
அதை நோக்கி, கையால் வரைந்த கோணல் அம்பு.
கூட ஒரு வார்த்தை இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறியிருந்தேன்.
மாதிரி வரியில் நிலையத்தின் பெயருக்கான இடத்தில்
உங்கள்_பெயர் என்று எழுதியிருந்தேன்.
நெலிடா படகிலிருந்து திரும்பி, ராத்திரி தனியாக உட்கார்ந்து,
அதை அப்படியே தட்டியிருக்கிறாள்.
வரைபடத்தில் இப்போது ஏழு பேர்
உங்கள்_பெயர்.
ஏழு பேரும் எப்படியோ ஏறி வந்தவர்கள்.
வழியில் நின்றுபோனவர்களுக்கு
அந்தப் பெயர்கூட இல்லை.

தொலைபேசியில் அழைத்து,
சரியான பெயருக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.
பின்னணியில் கயிறு இழுக்கும் எந்திரம் இரைந்தது.
"ஓடுகிறதல்லவா?
ஓடுகிறதைத் தொடாதீர்கள்" என்றாள்.

எங்கள் தொழிலின் முதல் விதி.
எந்தப் பக்கத்திலும் நான் அதை எழுதவில்லை.

உங்கள்_பெயர், அதிகாலை ஐந்து மணி,
பதினொன்று புள்ளி எட்டு டிகிரி.